எழுபது என்றால் எழுபதுதான்

“மாமா, இது சுத்த அழுகுணி ஆட்டம்.”

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில், அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையை விட்டு நகராது. அக்கா மகன் காலையில் கிழிந்த வலைகளைச் சரிபார்ப்பான், வெயில் தாழ்ந்ததும் பழைய லேப்டாப்பைத் திறந்துவிடுவான். இப்போது அதைப் பாதி மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

அவன் ஆடுவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் வைட் என்பவர் 2003-ல் தொடங்கி, பிறகு பலர் சேர்ந்து வளர்த்த இலவச ஆட்டம். அறுகோணக் கட்டங்களாலான வரைபடம், அதில் உன் வீரர்கள், எதிரி வீரர்கள். நீ நகர்த்தி முடித்த பிறகு எதிரியின் முறை. வேகமாக விரலை ஓட்ட வேண்டியதில்லை, டீ குடித்துக்கொண்டே யோசிக்கலாம். அடி விழுமா விழாதா என்பதைப் பெரும்பாலும் எதிரி நிற்கும் நிலம் முடிவு செய்யும். காட்டுக்குள் நிற்கும் வனவாசியை அடிப்பது கஷ்டம், வெட்டவெளியில் நிற்பவனை அடிப்பது சுலபம். மந்திரவாதிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. எதிரி எங்கே நின்றாலும் அவன் அடி விழ 70 சதவீத வாய்ப்பு.

அந்த மந்திரவாதிதான் காலை வாரிவிட்டான். ஒரு தாக்குதலில் மூன்று முறை எறிவான். மூன்றும் குறி தப்பின. அடுத்த முறையில் எதிரி வந்து அவனையே சாய்த்துவிட்டான்.

“எழுபதுன்னு போட்டிருக்கான். மூணுல ஒண்ணு கூடவா விழாது?”

பக்கத்தில் இருந்த அவன் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கருத்து. “நாம எங்க போறோம்னு கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தெரியும்டா” என்றான் ஒருவன். இன்னொருவன், தான் செல்போனில் ஆடும் வேறொரு போர் ஆட்டத்தில், தோற்கும்போதெல்லாம் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய் அதே அடியை அடித்தாலும் அதே தோல்விதான் வருகிறது என்றான். அதுவே சூழ்ச்சிக்குச் சாட்சியாம்.

முறை வைத்து ஆடும் போர் ஆட்டங்களைப் பற்றி ஆடுபவர்கள் எங்கே பேசினாலும் இந்தப் புகார் வரும். அதை வெறும் புலம்பலாக எனக்குத் தள்ளத் தோன்றவில்லை. ஓர் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகும் மனம் அதை நம்ப மறுக்கிறதே, ஏன்?

முதலில் கணக்கைப் போடுவோம். ஓர் எறி தப்ப 30 சதவீத வாய்ப்பு. மூன்றும் தப்ப 0.3 × 0.3 × 0.3, அதாவது 0.027. நூறு தாக்குதலில் இரண்டோ மூன்றோ இப்படித்தான் போகும். கேட்க அபூர்வம்போல இருக்கும். ஆனால் ஒரு சாயங்காலத்தில் இரண்டு மந்திரவாதிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கு இருபது முறை தாக்கினால், எப்போதாவது ஒருமுறை மூன்றும் தப்புவதற்கே வாய்ப்பு அதிகம். தொண்ணூறு சதவீதம் என்று காட்டும் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை அடித்தால் ஒருமுறையாவது தப்ப 65 சதவீத வாய்ப்பு. மனம் தொண்ணூறை நூறாக்கிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பத்து வந்து நிற்கும்போது ஏமாந்துபோகிறது.

வெஸ்நாத்தில் புள்ளிவிவரம் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. கணக்குப்படி நீ எவ்வளவு சேதம் விளைவித்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு விளைவித்தாய் என்று இரண்டையும் அதில் பார்க்கலாம். அதைத் திறக்கச் சொன்னேன். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன, அவன் பக்கம் ஒரு துளி கூடுதலாகக்கூட இருந்தது. விழுந்த அடிகளை அவன் மறந்துவிட்டான். தப்பிய மூன்று மட்டும் நெஞ்சில் நிற்கின்றன. நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வலி பெரிது என்று கானெமான், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் எழுதினார்கள். மந்திரவாதியை இழந்தவனுக்கும் அதே வலிதான்.

நம் வீடுகளில் தாயம் ஆடுகிறோமே, அங்கே இந்த வலி பழகிப்போன ஒன்று. இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகம், 0 முதல் 3 வரை புள்ளிகள். மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி. எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் இருக்க 26 சதவீத வாய்ப்பு உண்டு. நாலு பேர் ஆடினால் ஒருவர் ரொம்ப நேரம் கட்டையை உருட்டிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருப்பது அதனால்தான். ஆச்சி “கட்டை கோவிச்சுக்கிச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். கட்டை ஏமாற்றுகிறது என்று சொல்ல மாட்டாள், ஏனென்றால் அது அவள் கையில்தான் உருள்கிறது.

கடலும் அப்படித்தான். நல்ல பாடு கிடைக்கும் என்று நம்பி வலை விடுகிறார்கள், வெறும் வலை வருகிறது. யாரும் கடல் கள்ளாட்டம் ஆடுகிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. கடல் எந்த எண்ணையும் எழுதிக் காட்டுவதில்லை. விளையாட்டு ‘70’ என்று எழுதிக் காட்டுகிறது, அந்த எண்ணை நாம் வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பினாலும் அதே முடிவு வருகிறதே? அதற்குக் கம்ப்யூட்டர் எப்படிக் கட்டை உருட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்குக் கட்டை இல்லை. ஓர் எண்ணை எடுத்து, பெருக்கிக் கூட்டி, வகுத்து மீதியை எடுக்கும். திண்ணையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். 7-ல் தொடங்குவோம். ஐந்தால் பெருக்கி மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்தால் வரும் மீதிதான் அடுத்த எண். 7 × 5 + 3 = 38, மீதி 6. அடுத்து 33, மீதி 1. அப்படியே போனால் 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, மறுபடியும் 7. பதினாறு எண்ணும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. பார்ப்பதற்கு ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதுபோல இருக்கும். ஆனால் தொடக்க எண் தெரிந்தால் எல்லாமே முன்கூட்டித் தெரியும். இந்தத் தொடக்க எண்ணைத்தான் விதை என்கிறார்கள்.

சில ஆட்டங்கள் சேவ் செய்யும்போது இந்த விதையையும் சேர்த்து எழுதிவைக்கும். திரும்பிப் போய் அதே அடியை அடித்தால் அதே எண், அதே முடிவு. நடுவில் வேறொரு வீரனை வைத்து ஓர் அடி அடித்துவிட்டு வந்தால் வரிசை ஓர் எண் நகர்ந்திருக்கும், முடிவும் மாறலாம். தோற்றவன் நூறு முறை திரும்பிப் போய் ஜெயிக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. செல்போனில் ஆடும் அந்தக் கூட்டாளி கண்டது நிஜம்தான், காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டான்.

மேலே நான் எழுதிய வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு குறை தெரியும். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்றே மாறி மாறி வருகிறது. இப்படிப்பட்ட எளிய சூத்திரத்தை வைத்து ‘ஒற்றை வந்தால் அடி விழும்’ என்று ஆட்டம் எழுதினால் இரண்டே நாளில் பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பரவலாகப் பயன்படுவது ‘மெர்சென் ட்விஸ்டர்’ போன்ற பெரிய சூத்திரங்கள். அதன் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்க எத்தனை எண்கள் ஆகும் என்பதை எழுதவே ஆறாயிரம் இலக்கங்கள் வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. கட்டையைச் சாய்த்துவைக்கும் ஆட்டங்கள் நிஜமாகவே உண்டு, ஆனால் அநேகமாக ஆடுபவன் பக்கமாகத்தான் சாய்க்கிறார்கள். ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையர் 2010-ல் ஒரு மாநாட்டில் இதைப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று தங்களுக்குச் சாதகமான சண்டையில் தோற்றால் ஆடுபவர்கள் கொதித்தார்களாம். நாலில் ஒருமுறை தோற்பதுதானே கணக்கு? அவர்களுக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் அவர்கள் மனத்துக்கு ஏற்றபடி ஆட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஜப்பானின் ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசையில் 2002-ல் வந்த ஆட்டம் இன்னும் நுட்பமாகச் செய்தது. 0 முதல் 99 வரை ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரி திரையில் காட்டும் எண்ணைவிடக் குறைந்தால் அடி விழும் என்று வைத்தார்கள். சராசரி எப்போதும் நடுவை ஒட்டியே குவியும். அதனால் 90 என்று காட்டும் அடி உண்மையில் 98.1 சதவீதம் விழும். 10 என்று காட்டுவது வெறும் 2.1 சதவீதம். பொதுவாக நாம் பெரிய எண் இருக்கும் இடத்தில்தான் அடிப்போம், எதிரியைச் சின்ன எண்ணில் அடிக்க விடுவோம். இரண்டு பக்கமும் லாபம் நமக்கே. அந்த ஆட்டத்தை ஆடுபவனுக்கு எண்கள் நேர்மையாகத் தோன்றும். வெஸ்நாத்தில் 70 என்றால் நிஜமாகவே 70. அதுதான் கள்ளாட்டமாகத் தெரிகிறது.

ஆடுபுலி ஆட்டத்தில் இந்தப் பேச்சே எழாது. மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி. கட்டையும் இல்லை, சோழியும் இல்லை. தோற்றால் நம் புத்திதான் காரணம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன், “சரி மாமா, அப்ப நான் என்னதான் செய்யணும்?” என்றான்.

திரையில் ஓர் எதிரி, 14 உயிர்ப்புள்ளி மிச்சம். அந்தி வேளை, மந்திரவாதியின் ஓர் எறிக்கு 7 புள்ளி சேதம். மூன்றில் இரண்டு விழுந்தால் போதும். சாக்பீஸை அவனிடம் கொடுத்தேன். மூன்றும் விழ 34.3 சதவீதம், சரியாக இரண்டு விழ 44.1, கூட்டினால் 78.4. ஐந்தில் ஒரு தடவை எதிரி பிழைத்துக்கொள்வான். இன்னொரு மந்திரவாதியையும் பக்கத்தில் நிறுத்தினால்? ஆறு எறியில் இரண்டு விழ வேண்டும். 98.9.

அவன் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, தெற்கே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த இரண்டாவது மந்திரவாதியை இரண்டு கட்டம் பின்னால் இழுத்தான். “முதல்ல இவன் வந்து சேரட்டும்” என்று சொல்லிவிட்டு அந்த முறையை அடிக்காமலேயே முடித்தான்.