அடங்காத பிள்ளை யாருக்கு அடங்குகிறான்?

15 வயதுப் பையன். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் அம்மா, நடு நாற்காலியில் அவன். "யார் பேச்சையும் கேட்கிறதில்லை மேடம், அடங்கவே மாட்டேங்கிறான்" என்று ஆரம்பித்த அப்பா முக்கால் மணி நேரம் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்தில் பையனுடைய கைபேசி 11 தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்தான், இரண்டு எழுத்து தட்டினான், மடியில் கவிழ்த்து வைத்தான். அப்பா மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிராதவன், அந்த அதிர்வுக்கு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

யார் பேச்சையும் கேட்காத பிள்ளையா இவன்? அன்று அந்த அறையில் இருந்த நான்கு பேரில் இவன் அளவுக்குச் சொன்ன சொல் தட்டாதவர் வேறு யாரும் இல்லை. சொல்கிறவர்கள்தான் வேறு இடத்தில் இருந்தார்கள்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசுவதுதான் பல வருடமாக என் வேலை. (இங்கே சொல்லும் ஆட்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.) பெற்றோர் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் "ஏன் கீழ்ப்படிய மாட்டேங்கிறான்" என்பது. நான் திருப்பிக் கேட்பது "யாருக்குக் கீழ்ப்படிகிறான்" என்று. இந்த ஒரு கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போனாலே பேச்சின் போக்கு மாறிவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கீழ்ப்படிவதை நாம் சொல்லிக்கொடுத்ததாக நினைக்கிறோம். உண்மையில் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு "எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று அதட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இழுப்பு, அந்தப் புருவம், கடைசியில் வரும் பெருமூச்சு, எல்லாமே அம்மாவுடையதாக இருக்கும். யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் வெளியிட்ட ஆய்வில் 72 சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்ததும் இதைத்தான். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் பார்த்த பிள்ளைகள், பிறகு அதே பொம்மையை அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னார்கள். அடி என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இதைச் சமூகமயமாதல் என்று எங்கள் துறையில் பெரிய பேராக வைத்திருக்கிறோம், ஆனால் நடப்பது இவ்வளவு சின்னச் சின்னதாகத்தான் நடக்கிறது.

அப்புறம் ஒரு கட்டத்தில் குறிப்பிட்ட அம்மா, குறிப்பிட்ட அப்பா என்பது போய், முகம் இல்லாத ஒரு கூட்டம் பிள்ளையின் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் இதைப் 'பொதுமைப்பட்ட மற்றவர்' என்ற பொருளில் விளக்கினார். நமக்கு விளக்கமே தேவையில்லை, தமிழில் அதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: நாலு பேர். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்னும்போது அந்த நாலு பேர் யார் என்று யாராவது விரல் விட்டு எண்ணியிருக்கிறோமா? பிள்ளை வளர வளர அந்த நாலு பேரும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு வயதில் வீட்டாரும் ஆசிரியரும், பதினான்கில் கைபேசிக் குழுவில் இருக்கிற நாலு பேர். பிள்ளை கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. வீட்டுக்கு வெளியே வாழப்போகிறவன் வெளியாட்களின் மனதைப் படிக்கப் பழகுகிறான், வளர்ச்சியே அதுதான்.

கூட்டத்தின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையைத்தான் நான் எப்போதும் பெற்றோருக்குச் சொல்வேன். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளம்? அவ்வளவுதான் கேள்வி. தனியாக விட்டால் நூறு விடையில் ஒன்றுகூடத் தவறாத அளவுக்கு எளிது. ஆனால் ஏற்கெனவே பேசி வைத்திருந்த ஆட்கள் அறையில் முன்னால் உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகத் தவறான விடையைச் சொல்ல, விஷயம் தெரியாமல் வந்தவரின் முறை ஏறக்குறையக் கடைசியில் வரும். 18 சுற்றில் 12 சுற்று இப்படி. வந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டம் சொன்னதையே சொன்னார்கள். பிறகு விசாரித்தபோது சிலர் "என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்" என்கிற மாதிரி சொன்னார்கள், சிலர் தவறு என்று தெரிந்தே, தனித்துத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் வளர்ந்த கல்லூரி மாணவர்கள். எதிரே இருந்தவர்கள் ஒரு சின்னச் சோதனைக்காகக் கூடியவர்கள். உங்கள் பிள்ளை மறுநாள் காலையில் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

வளரிளம் பருவத்தில் இந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. 2005இல் வந்த ஒரு ஆய்வில் கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது எடுத்த ஆபத்தைவிட, கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது எடுத்த ஆபத்து மிகவும் கூடியிருந்தது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு யார் நின்று பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. "தனியா இருக்கும்போது தங்கம் மேடம், சேர்க்கைதான் சரியில்லை" என்று அம்மாக்கள் சொல்வதை நான் தள்ளிவிடுவதில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தச் சேர்க்கையில் இருக்கிற மற்ற நாலு பையன்களின் அம்மாக்களும் இதையே சொல்கிறார்கள் என்பதுதான் மீதிப் பாதி.

சரி, சொன்னதைக் கேட்கும் பிள்ளை பத்திரமா? இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. 19 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். சின்ன வயதிலிருந்து ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை என்று பெருமையாக வளர்க்கப்பட்டவள். விடுதி அறையில் கூட இருந்தவர்கள் எல்லாம் கொடுத்தார்கள் என்று தன் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் தோழிக்குத் தெரிந்த யாரோ ஒருவனிடம் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கு வழியாக யார் யாரிடமோ ஏமாற்றிய பணம் போய்வந்திருக்கிறது. தப்பு என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். "தோணுச்சு மேடம். வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அவள் வாயில் அந்தச் சொல் ஒருநாளும் பழகியதே இல்லை. வீட்டில் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, அதனால் உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்று தெரிந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காத பிள்ளை, வெளியே முதல் தடவையாக அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஒரு பிள்ளை எதிர்த்துப் பேசுகிறது என்றால் நான் உடனே பதறுவதில்லை, என்ன சொல்லி எதிர்க்கிறது என்று கேட்கிறேன்.

பிறழ்வு, விலகல், ஒழுங்கீனம் என்றெல்லாம் பேர் வைக்கிறோமே, அதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது, துறவிகள் மட்டுமே வாழும் இடத்தில்கூடச் சின்னத் தவறு பெரிய குற்றமாகத் தெரியும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895இலேயே எழுதிவிட்டார். எல்லைக்கோட்டைப் போடுவது நாம், அந்தக் கோடு நகரவும் செய்கிறது. இடது கையால் எழுதிய பிள்ளைகளை அடித்து வலது கைக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்தது. என் துறையே செய்த தவறு இதைவிடப் பெரிது. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான், உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். அதுவரை எத்தனை பேரைத் திருத்துகிறோம் என்று சொல்லி உடைத்திருப்போம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே பிள்ளை விலகி நிற்கிறது என்றால் முதலில் நான் கேட்பது, இதனால் யாருக்காவது அடிபடுகிறதா, இல்லை நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதானா என்று.

அடிபடுகிற மாதிரியான தவறே என்றாலும், அடுத்து நாம் என்ன பேர் வைக்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. 12 வயதில் ஒரு பையன் வகுப்புத் தோழனின் கால்குலேட்டரை எடுத்துவிட்டான். பிடிபட்டான், அழுதான், திருப்பிக் கொடுத்தான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அதற்கப்புறம் வகுப்பில் பேனா காணோம் என்றாலும் முதலில் திறக்கப்படுவது அவன் பைதான். கொஞ்ச நாளில் யாரும் சொல்லாமலே அவனே எழுந்து பையைக் கொண்டுபோய் மேசையில் கவிழ்ப்பானாம். "எப்படியும் என்னைத்தான் கேட்பாங்க, அதான்" என்றான் என்னிடம், குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த வருடம் நிஜமாகவே பெரிதாக எடுத்தான். சமூகவியலாளர்கள் எட்வின் லெமெர்ட் 1951இலும் ஹோவர்ட் பெக்கர் 1963இலும் எழுதியது இதைப் பற்றித்தான்: முதல் தவறுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனால் இரண்டாவது தவறு பல நேரம் நாம் குத்திய முத்திரையிலிருந்து வருகிறது. "உருப்பட மாட்டே", "உன்னைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பதெல்லாம் கோபத்தில் வரும் வார்த்தைகள், எனக்கும் தெரியும். கேட்கிற பிள்ளைக்கு அது தன்னைப் பற்றிய தகவலாகப் போய்ச் சேர்கிறது.

தண்டனையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் கேள்வியையே புரட்டிப் போட்டார்: சிலர் ஏன் தவறு செய்கிறார்கள் என்று கேட்காமல், மற்ற நாம் ஏன் செய்யாமல் இருக்கிறோம் என்று கேட்டார். அவர் சொன்ன விடை நான்கு கயிறுகள்: நெருக்கமானவர்கள் மீதுள்ள பாசம், இழக்க மனம் வராத எதிர்காலம், நேரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடுபாடு, விதிகள் நியாயமானவை என்ற நம்பிக்கை. இப்போது பெற்றோர் வழக்கமாகச் செய்வதைப் பாருங்கள். மதிப்பெண் குறைந்ததும் பந்து விளையாடப் போவதை நிறுத்துகிறார்கள், பாட்டு வகுப்பை நிறுத்துகிறார்கள், பேச்சை நிறுத்துகிறார்கள். பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கும் கயிறுகளையே ஒவ்வொன்றாக அறுக்கிறோம். காலியாகும் மாலை நேரத்தை அந்தக் கைபேசிக் குழு எடுத்துக்கொள்கிறது. தண்டிக்க வேண்டும் என்றால் தண்டியுங்கள், ஆனால் விளையாட்டிலும் பேச்சிலும் கை வைக்காதீர்கள்.

வெளியே வர ஒரு சாக்கையும் வீட்டிலேயே தயார் செய்து கொடுங்கள். நான் சொல்லிக்கொடுப்பது இது: பிள்ளை எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு ஒரே ஒரு எழுத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். உடனே நீங்கள் கூப்பிட்டு, அவசரம், கிளம்பி வா என்று அவன் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட வேண்டும். பழி உங்கள் மேல், கூட்டாளிகள் முன்னால் அவனுக்கு முகம் தப்பும். வந்ததும் அன்று ராத்திரி எந்த விசாரணையும் கூடாது. இந்தக் கடைசி வரியை ஒரு தடவை மீறினால் அப்புறம் அந்த எழுத்து வரவே வராது.

ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசுகிறான், உடம்பில் கீறல்கள் தெரிகின்றன, போதைப்பொருள் சந்தேகம் இருக்கிறது, பெரியவர் யாரோ ஒருவர் "வீட்டுக்குச் சொல்லாதே" என்று அவனோடு பழகுகிறார் என்றால் இந்தக் கட்டுரையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதலில் சொன்ன பையன் ஏழெட்டு மாதம் வந்துகொண்டிருந்தான். ஒருநாள் அவனே ஆரம்பித்தான். பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்துக்குள் ராத்திரி ஏறிக் குதிப்பதாகக் குழுவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். இவனுக்குப் பயம், ஆனால் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தன் "எனக்கு வேண்டாம்டா, நான் வரல" என்றிருக்கிறான். அதைக் கேட்டதும்தான் இவன் "நானும் வரலடா" என்று சொன்னானாம். ஆஷின் சோதனையிலும் இப்படித்தான், அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்தோடு சேர்ந்து தவறு செய்வது கால் பங்காகச் சுருங்கியது.

அப்பாவை உள்ளே கூப்பிட்டு, பையன் அனுமதியோடு, இதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. முதலில் வேண்டாம் என்று சொன்னது யாருடா என்று கேட்டார். பையன் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேரைச் சொன்னான்.

முதல் நாள் வந்தபோது, இவனோடெல்லாம் சேரக் கூடாது என்று அந்த அப்பா என்னிடம் கொடுத்த பட்டியலில் முதல் பேர் அதுதான்.