வெள்ளிக்கிழமை வரையா, வெள்ளிக்கிழமைக்குள்ளா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். என்னிடம் படித்த ஒரு தம்பி, தங்கை கல்யாணத்துக்காகத் திங்கள் முதல் வெள்ளி வரை லீவு என்று மேலாளருக்கு மெயில் போட்டார். எழுதியது ஒரே வரி: ‘ஐ வில் பி ஆன் லீவ் பை ஃப்ரைடே.’ வெள்ளிக்கிழமைவாக்கில்தான் லீவு ஆரம்பம் என்று மேலாளர் புரிந்துகொண்டார். திங்கட்கிழமை காலை, பந்தலில் நின்றவருக்குப் போன்: ‘மீட்டிங்குக்கு ஏன் வரவில்லை?’

இத்தனைக்கும் தமிழில் அவருக்கு இந்தக் குழப்பம் வராது. ‘வெள்ளிக்கிழமை வரை லீவு’ என்போம். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்’ என்போம். இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ‘வரை’ என்றால் அண்டில், ‘க்குள்’ என்றால் பை. அதேபோல ‘2019-லிருந்து’ என்பது சின்ஸ், ‘ஐந்து வருஷமாக’ என்பது ஃபார். ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறவர்கூடத் தமிழில் ‘ஐந்து வருஷத்திலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லமாட்டார். தமிழில் யோசிப்பதால்தான் பிரிப்பொசிஷன் (பை, அண்டில், சின்ஸ் மாதிரியான சின்னச் சொற்கள்) தப்பாகிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மாதிரித் தப்புகள், நம் உருபை நாமே கவனிக்காததால் வருபவை.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸில், ஆட்டோவில்... நமக்கு எல்லாமே ‘இல்’தான். ஆங்கிலத்தில் அட் தி பஸ் ஸ்டாண்ட், ஆன் தி பஸ், இன் தி ஆட்டோ. வகுப்பில் நான் கேட்பது இதுதான்: உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியா? பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் ஆன். குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிகிற கார், ஆட்டோவுக்கு இன். பைக்குக்கு உள்ளே என்பதே இல்லை, அதனால் ஆன்.

அப்புறம், காரணம் தேடிப் பிரயோஜனமில்லாதவை சில. ‘அவரோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீட் வித்’ என்று வாயில் வரும். சரியானது ‘மேரீட் டு’. ‘டிஸ்கஸ்’ என்றாலே ‘பற்றிப் பேசு’தான், அதன் பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். நோட்டில் ‘டிபெண்ட்’ என்று தனியாக எழுதாதீர்கள், ‘டிபெண்ட் ஆன்’ என்று ஜோடியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

லீவு மெயிலுக்கு மட்டும் அண்டில்கூடப் போதாது. வெள்ளியும் லீவா என்று சந்தேகம் வரும். ‘ஃப்ரம்’ போட்டு முதல் நாள், ‘டு’ போட்டுக் கடைசி நாள், வேலைக்குத் திரும்பும் தேதி. அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் எழுதுகிறார்.