மண்ணெண்ணெய்ப் பழக்கத்தில் பெட்ரோலை வைக்காதீர்கள்

ஐப்பசி பிறந்ததும் கோடியக்கரைக்கு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். நாகை வட்டாரத்துக் கடலோர ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய், மணலில் கீற்றுக் கொட்டகை போட்டு, பங்குனி வரை அங்கேயே தங்கி மீன்பிடித் தொழில் பார்ப்பார்கள். சீசன் முழுக்க எனக்கும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே வேலை இருக்கும். 22 வருடமாக, படகுக்குப் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பழுது பார்க்கிறேன். மோட்டாருக்கு வரும் கோளாறுகளை வேறொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு மோட்டாருக்குப் போடும் பெட்ரோல் எங்கே, எதில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். கொட்டகைக்குள் வாசலை ஒட்டி ஒரு பாமாயில் கேன், விளிம்பு வரை பெட்ரோல். மூடி சரியாக உட்காராததால் பாலிதீன் தாளை மடித்து வைத்து முறுக்கியிருந்தார்கள். விறகடுப்பு அந்தக் கோடியில், பத்தடிக்கு மேலேயே இருக்கும். அந்த வீட்டுப் பையன் டேங்க்கில் ஊற்றுவதற்காகக் கேனைச் சாய்த்தான். கொஞ்சம் தரையில் சிந்தியது. காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு மறுபடி ஊற்றினான். அவன் அம்மா அடுப்பில் சட்டியை ஏற்றிச் சுள்ளியை உள்ளே தள்ளினார். நான் வெளியில் மோட்டாரைத் திறந்துகொண்டிருந்தேன். ‘பக்’கென்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் தரையோடு தரையாக நீலமாக ஏதோ ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டது.

யாரோ ஒரு குடம் தண்ணீரை வீசினார்கள். தண்ணீரின் மேலேயே தீ மிதந்து கீற்றுப் பக்கம் போனது. இரண்டு பேர் மணலை வாரிப் போட, நான் ஈரச் சாக்கை அவன் காலில் சுற்றினேன். பையன் பிழைத்தான். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தன. இடுப்புக்கு மேலே ஒரு பொட்டுக் காயம்கூட இல்லை.

அந்தக் காயம் எங்கே இருந்தது என்பதை யோசித்தால் பெட்ரோலின் குணம் முழுக்கப் புரிந்துவிடும். எரிவது அதிலிருந்து கிளம்பும் ஆவி. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தரையிலேயே படர்ந்து, பள்ளம் பார்த்து இறங்கி, எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். மூடிய இடத்தில் அந்த அளவு சேர ஒரு கை பெட்ரோல் போதும்.

நம் ஆட்களுக்குப் பயம் இல்லாததற்குக் காரணம் உண்டு. இவர்கள் மண்ணெண்ணெயோடும் டீசலோடும் வளர்ந்தவர்கள். ரேஷன் மண்ணெண்ணெய் கேனை அடுப்பங்கரையிலேயே வைத்துப் பழகியவர்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீக்குச்சிக்குப் பிடிக்கிற அளவு ஆவியை விடும். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே விட ஆரம்பித்துவிடும். மார்கழிக் குளிரும் அதற்குக் கொதிக்கிற வெயில்தான். ஒரே மாதிரிக் கேன், ஒரே மாதிரிப் புனல், கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பதால் கையும் ஒரே மாதிரிதான் போகிறது.

சட்டம் இதை எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. 1934ஆம் வருடத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓட்டுவதற்கென்றால், படகுக்கும் சேர்த்துத்தான், 100 லிட்டர் வரை போகலாம். ஆனால் 30 லிட்டரைத் தாண்டினால் ஆள் குடியிருக்கிற, வேலை செய்கிற அறையோடு வழி இல்லாத தனி இடத்தில்தான் வைக்க வேண்டும். பாத்திரம் இறுக்கமான மூடி உள்ள உலோகமாக, 25 லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். பாமாயில் கேனும் குடிதண்ணீர்க் கேனும் இந்தக் கணக்கில் வரவே வராது. பங்கில் பாட்டிலுக்குத் தர மாட்டேன் என்றால் பங்க் பையனோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

தகரக் கேன் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பார்கள். பிடிக்கும்தான். ஈர மணலில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். அடிக்கடி நல்ல தண்ணீரில் துடைத்து, சீசனுக்கு ஒருமுறை பெயின்ட் அடியுங்கள். பங்கில் நிரப்பும்போது கேனைப் பைக்கிலோ குட்டி யானையிலோ வைத்தபடி நிரப்பாமல் இறக்கித் தரையில் வையுங்கள். குழாய் மூக்கு கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். நிலைமின்சாரம் பொறியாகத் தெறிக்காமல் தரைக்கு இறங்கிவிடும்.

விளிம்பு வரை நிரப்பவே கூடாது. காலையில் 25 டிகிரியில் இருந்த 25 லிட்டர், மதிய வெயிலில் 55 டிகிரிக்குப் போனால் முக்கால் லிட்டர் அளவுக்குப் பெருகும். அதற்கு இடம் விடாவிட்டால் அது தானாக வழி தேடிக்கொள்ளும். “அண்ணே, நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்கு இழுக்க இழுக்கப் பிடிக்க மாட்டேங்குது” என்று ஒரு தம்பி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் டேங்க் பலூன் போல உப்பியிருக்கிறது. மூடியில் இருக்கும் காற்றுத் திருகை மூடிவிட்டார், ரப்பர் ஹோஸை மட்டும் மோட்டாரிலேயே விட்டுவிட்டார். வெயிலில் ஏறிய அழுத்தம் பெட்ரோலை ஹோஸ் வழியாகத் தள்ளி, கார்புரேட்டர் நிரம்பி, மோட்டாரின் மேல்மூடிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அரைமணி நேரமாக அதன் மேல்தான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பிளக்கில் ஒரு வயர் லூசாக இருந்து வெளியே பொறி அடித்திருந்தால் அன்றைக்கு நான் மோட்டாரைப் பார்க்க வந்திருக்க மாட்டேன்.

ஓடும்போது காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் ஹோஸை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டுத் திருகை மூட வேண்டும். டேங்க் நிழலில் இருக்க வேண்டும். ஊற்றுவதானால் டேங்க்கைப் படகிலிருந்து மணலுக்கு இறக்கி ஊற்றுங்கள். படகுக்குள் சிந்தியது பலகைக்கு அடியில் தேங்கும் தண்ணீர்மேல் மிதக்கும். ஆவி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். திருகு திறந்த டேங்க் நாலு வாரம் கடற்காற்றில் கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடலாம். மோட்டார் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு நீங்கள் கலந்த ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு போய்விடும், அடியில் இருப்பதில் ஆயில் இருக்காது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரத்தில் அலை மடியும் இடத்தில் மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் விட்டுப் பாருங்கள். நடுவில் கோடு போட்டது போல இரண்டாகத் தெரிந்தால் அது கெட்டுவிட்டது. குலுக்கினால் சரியாகாது. நாலு வாரத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

ஹோஸை வாயால் உறிஞ்சி பெட்ரோல் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஹோஸிலேயே பெட்ரோலை இழுக்கும் ரப்பர் பல்பு இருக்கிறது, அதை அமுக்கினால் போதும். வாயில் போனது நுரையீரலுக்குள் இறங்கினால் பெரிய ஆபத்து. பிள்ளைகள் தெரியாமல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியில்தான் அது நெஞ்சுக்குள் போகும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர்பானப் பாட்டிலில் பெட்ரோல் இருக்கும் வீட்டைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

தீக்காயம் பட்டால் பெட்ரோல் பட்ட துணியைக் கழற்றிவிட்டு, 20 நிமிடம் ஓடுகிற நல்ல தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் வேண்டாம். கேனுக்குப் பக்கத்தில் இரண்டு வாளி காய்ந்த மணல், முடிந்தால் ஒரு பவுடர் தீயணைப்பான். தீ பெரிதானால் விலகி நின்று 101-க்கு அடியுங்கள்.

அடுத்து புயல். 2018 நவம்பரில் கஜா வந்தபோது படகை மேட்டில் ஏற்றிவிட்டு மோட்டாரையும் டேங்க்கையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் நிறைய. கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் சிமினி விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த வீடுகள் அவை. மோட்டார் வீட்டுக்குள் வரட்டும், கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை வடித்துவிட்டு. டேங்க்கும் கேனும் வீட்டுக்குள் வரக் கூடாது. வீட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் ஏறாத மேட்டில், கூரை போட்ட திறந்த சாய்ப்பில் கயிற்றால் கட்டி வையுங்கள். கேனில் பெரிய எழுத்தில் ‘பெட்ரோல்’ என்று எழுதுங்கள், உதவிக்கு வருகிற வெளியூர்க்காரர் அதை மண்ணெண்ணெய் என்று விளக்கில் ஊற்றிவிடாமல் இருக்க.