பட்டினி கிடந்த உடலுக்குச் சோறு எப்போது ஆபத்தாகிறது?

அனோரெக்சியா நேர்வோசா எனும் உணவு மறுப்பு நோயினால் மிகவும் மெலிந்து, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தன் தங்கைக்குக் கொண்டுசென்ற சோற்றையும் மீன்குழம்பையும் தாதி வாங்க மறுத்து, அளந்த சிறிதளவு பாலுணவை மட்டும் கொடுத்தது ஏன் என்று சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உணவு நின்றால் முதலில் ஈரலிலுள்ள கிளைக்கோசனும் பின்னர் கொழுப்பும் தசையும் கரையும் என்பது பாடசாலையிலேயே படித்ததுதான். அப்போது கலங்களுக்குள் இருக்கும் பொசுபேற்று, பொற்றாசியம், மகனீசியம் ஆகிய கனியுப்புகளும் மெல்லக் குறைகின்றன. உடலிலுள்ள பொசுபேற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் எலும்பிலும், எஞ்சியதில் பெரும்பகுதி கலங்களுக்குள்ளும் இருக்க, கலங்களுக்கு வெளியே இருப்பது சுமார் 1 சதவீதம் மட்டுமே. ஆகவே கலங்களுக்குள் பொசுபேற்று குறைந்துபோன பின்பும் குருதிப் பரிசோதனை அறிக்கை வழமையான அளவையே காட்டக்கூடும்.

இந்த நிலையில் வயிறு நிறையச் சோறு போனால் இன்சுலின் திடீரென உயர்கிறது. கலத்துக்குள் நுழையும் ஒவ்வொரு குளுக்கோசு மூலக்கூறும் முதற்படியிலேயே ஒரு பொசுபேற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; கலங்களுக்குச் சக்தி வழங்கும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு உண்டாகவும் பொசுபேற்று வேண்டும். கலங்கள் குருதியில் எஞ்சியிருந்த கொஞ்சத்தையும் இழுத்துக்கொள்கின்றன. செங்குருதிக் கலங்களின் நிலையே என்னை மிகவும் வியக்கவைக்கிறது: பொசுபேற்றைக் கொண்ட ஒரு சேர்வைதான் ஈமோகுளோபின் ஒட்சிசனை இழையங்களில் விட்டுவிட உதவுகிறது, அது குறைந்தால் குருதியில் ஒட்சிசன் இருந்தும் ஈமோகுளோபின் அதை எளிதில் விடுவதில்லை. இதயத்துடிப்பு தடுமாறலாம், மூச்சுத்தசைகள் சோரலாம். குளுக்கோசைப் பயன்படுத்தத் தேவையான தயமினும் (விற்றமின் பி1) தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும்.

இதனாற்றான் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டல், ஆபத்து மிகுந்தவர்களுக்கு உடல்நிறையின் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 கிலோகலோரியை மிஞ்சாமல் தொடங்கவும், உணவுக்கு முன்பே தயமின் கொடுக்கவும் சொன்னது. முப்பது கிலோகிராம் உள்ளவருக்கு அது 300 கிலோகலோரி; ஒரு தட்டுச் சோறும் கறியும் ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடும். அளவுக்கு மீறித் தயங்கினால் நோயாளி மேலும் மெலிவார் என்பதால், குருதி முடிவுகளைப் பார்த்து அளவை விரைவாகவே உயர்த்த வேண்டும் என்ற கருத்து இன்று வலுத்துள்ளது.

இந்தக் கணக்கு தாதியின் கையில்தான் நடக்கிறது. நாடித்துடிப்பு, உடல்வெப்பம், குருதிச் சீனி ஆகியவற்றை அவர் இரவிலும் பார்க்கிறார். நிறையைக் கூட்டிக்காட்டச் சிலர் முன்கூட்டியே தண்ணீர் குடிப்பதால், காலையில் சிறுநீர் கழித்த பின்னரே நிறுக்கிறார். உண்ணும்போதும் உண்ட பின்னரும் அருகில் இருக்கிறார். நாவூறு பட்டதென்று நூல் கட்டுவதால் தீமை இல்லை, அதற்காக நோயாளியை வைத்தியசாலையில் அனுமதிப்பதைப் பிற்போடுவதே தீமை. தினமும் பொசுபேற்றைப் பரிசோதிக்கும் வசதி ஆதார வைத்தியசாலைகளிலும் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை வைத்திருக்கும் செலவோடு பார்த்தால் அது அற்பம் என்பது என் எண்ணம்.

எனவே தங்கைக்கு எதைக் கொண்டுபோனாலும் முதலில் விடுதித் தாதியிடம் காட்டுங்கள். இரக்கப்பட்டு ஒளித்துக் கொடுக்கும் சீனி போட்ட தேநீர்கூட, அவர் எழுதிவைக்கும் அளவுக்குள் வராமற் போய்விடும்.