டர்னர் சின்ட்ரோம்: வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு அரசு உதவி – நீலகிரியிலிருந்து பெறுவது எப்படி?

பள்ளிக்கூட வரிசையில் வருஷா வருஷம் முதல் ஆளாகவே நிற்கும் பெண் குழந்தையைப் பார்த்து, "அம்மாவும் குட்டைதானே" என்று விட்டுவிடாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தசோகையும் வளர்ச்சியைக் குறைக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லாமலும் உயரம் ஏறவில்லை என்றால் டர்னர் சின்ட்ரோமைப் பார்த்தே ஆகவேண்டும். பிறந்தபோது கை, கால் பாதங்களில் வீக்கம், கழுத்தின் இருபுறமும் மடிப்புத் தோல், 13 வயதாகியும் மார்பு வளராமை ஆகியவை மற்ற அடையாளங்கள்.

பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ இருப்பதுதான் இந்த நோய். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. சினைப்பை சரியாக வளராது; உயரமும் நின்றுபோகும். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வருவதில்லை. தாய் மேல் பழி போட இதில் எதுவுமே இல்லை.

2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில், இரண்டாம் பிரிவில், டர்னருக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2022 முதல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது; அரிய நோய்களுக்கான சிறப்பு மையத்துக்குப் போகும், மையம் மருந்தை வாங்கித் தரும். அதனால் கடன் வாங்கி வெளியில் ஊசியை ஆரம்பிப்பதற்கு முன் மையத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அந்த மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை.

நேரே சென்னைக்குக் கிளம்ப வேண்டாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டி, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, பள்ளியில் எடுத்த பழைய உயர அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பழைய அளவுகள் மிக முக்கியம்: வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்பதை அவைதான் காட்டும்.

நோயை உறுதி செய்வது, குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை. பலருக்கு இழுத்தடிப்பது இங்கேதான். ரத்த அணுக்களை உயிரோடு வளர்த்துப் பார்க்கும் சோதனை இது. அதனால் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட பச்சை மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்தாலோ, மலையிலிருந்து இறங்கி ஆய்வகம் சேர இரண்டு மூன்று நாள் ஆனாலோ, அணுக்கள் வளராமல் மறுபடி ரத்தம் கொடுக்க நேரும். ஆய்வகம் இருக்கும் ஊருக்கே குழந்தையைக் கூட்டிப்போய்க் கொடுப்பது நல்லது. கூடவே இதயத்துக்கு எக்கோவும் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் கட்டாயம். பெருந்தமனியில் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) உள்ள கோளாறு வெளியே தெரியாமல் இருக்கும்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி தினமும் இரவில், தோலுக்கடியில். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எலும்பு முனைகள் மூடிவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் உயரம் ஏறாது.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். "ஊட்டிக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு" என்று ஜன்னலோரம் வைப்பது பெரிய தவறு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் மருந்து உறைந்தால் ஹார்மோன் கெட்டுவிடும். உருகிய பின் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். பயணத்தில் ஐஸ் பேக் மருந்தைத் தொடாதபடி துணியில் சுற்றுங்கள்.

11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மருந்து மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் கூட்டப்படும். மாதவிடாய் வந்துவிட்டதே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் எலும்பு பலமிழக்கும். 50 வயதை ஒட்டி வரை தொடர வேண்டிய மருந்து அது.