இன் விச்சா, வெறும் விச்சா?

'நான் வசித்த வீடு' என்பதை 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்ட்' என்று எழுதினால் ஏன் தவறு, நடுவில் 'இன்' எங்கிருந்து வந்து குதிக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதி விடை ஆங்கிலத்திலும் மீதி தமிழிலும் இருக்கிறது.

நான் எழுதிய கடிதம், நான் எழுதிய பேனா, நான் எழுதிய மேசை. மூன்றிலும் 'எழுதிய' மாறவே இல்லை. விரித்தால்தான் வேறுபாடு தெரியும்: கடிதத்தை எழுதினேன், பேனாவால் எழுதினேன், மேசையில் எழுதினேன். பெயரெச்சமாக்கியதும் ஐ, ஆல், இல் மூன்றுமே உதிர்ந்துவிட்டன. எது கருவி, எது இடம் என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என நன்னூல் ஆறாக எண்ணிச் சொல்கிறது. ஆறு உறவுகளையும் ஒரே சொல்வடிவம் சுமக்கிறது!

ஆங்கிலம் அப்படி உதிரவிடாது. விச், ஹூம் வந்தாலும், வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் பிரிபொசிஷன் வினைக்குத் தேவைப்பட்டால் அது எங்காவது நின்றே ஆக வேண்டும். எந்தப் பிரிபொசிஷன் என்பதற்கு விடை விச்சில் இல்லை. துணைவாக்கியத்தைத் தனியே எடுத்து, பெயரைப் போட்டு முழுமையாக்கிப் பாருங்கள். 'ஐ ரோட் வித் தி பென்' என்பதால் 'வித் விச்'. 'ஷி டிபெண்ட்ஸ் ஆன் தி மெஷின்' என்பதால் 'ஆன் விச்'. 'ஐ பாட் தி புக்' என்பதில் பிரிபொசிஷனே இல்லை. ஆகவே வெறும் விச் போதும்.

இதன் உள்ளே நடப்பதுதான் அழகு. 'தி பென் விச் ஐ ரோட் தி லெட்டர் வித்' என்று ஒருவர் சொல்கிறார். 'விச்' காதில் விழுந்ததுமே கேட்பவரின் மனம் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை உட்காரவைக்கக் காலி இருக்கை தேடத் தொடங்கிவிடும். 'ரோட்' வந்ததும் இங்கே உட்காரவைக்கலாமா என்று பார்க்கும். அடுத்த கணமே 'தி லெட்டர்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தேடல் தொடரும். 'வித்' வருகிறது, அதற்குப் பின் ஒன்றும் இல்லை. அதுதான் காலி இருக்கை! பேனா அமர்ந்துவிட்டது, பொருள் விளங்கிவிட்டது. இத்தனையும் நாம் அறியாமலேயே நொடிப்பொழுதில் நடக்கிறது.

'வித்' கடைசியில் தங்காமல் விச்சோடு சேர்ந்து முன்னால் வருவதும் உண்டு. குழலூதியின் பின்னால் எலிகள் போன கதையை வைத்து இதற்கு 'பைட் பைப்பிங்' என்று பெயர் சூட்டியவர் மொழியியலாளர் ராபின் லேக்காஃப். 1967-இல் தம் ஆய்வேட்டில் அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் இன்னொரு மொழியியலாளரான ஜான் ராபர்ட் ராஸ். முன்னால் வந்தபின் பழைய இடத்தில் நகல் இருக்கக் கூடாது. 'இன் விச் ஐ லிவ்ட் இன்' தவறாவது இதனால்தான்: இருக்கை ஒன்று, பிரிபொசிஷன் இரண்டு. 'வேர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இன் விச்' அடங்கியிருப்பதால் 'வேர் ஐ லிவ்ட் இன்' என்பதும் வேண்டாம்.

முன்னால் கொண்டுவந்தால் ஹூ என்பது ஹூம் ஆகும்: 'டு ஹூம்'. தட் மட்டும் இதற்கு இடங்கொடுக்காது. அது இங்கே வாக்கியங்களை இணைக்கும் சொல்தான், பெயருக்குப் பதிலாக நிற்பதில்லை. எனவே 'வித் தட் ஐ ரோட்' கிடையாது. 'தி பென் தட் ஐ ரோட் வித்' சரி.

பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கவே கூடாது என்பது வெறும் மூடநம்பிக்கை. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரியொன்றை இதற்காகக் குறை சொன்னார். பிறகு தம் பழைய கட்டுரையிலேயே இத்தகைய வாக்கியங்களைத் திருத்தினார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் கூட, முன்னால் வைப்பது கம்பீரமான நடைக்குப் பொருந்தும் என்றாரே தவிர, பேச்சில் கடைசியில் வைப்பது இயல்பு என்பதை மறுக்கவில்லை. இதற்காக இன்றும் மாணவர்களின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம்.

முன்னால் மட்டுமே வரக்கூடியவையும் உண்டு: 'டியூரிங் விச்', 'டூ ஆஃப் ஹூம்'. 'லுக் ஆஃப்டர்' போல வினையோடு ஒட்டிப் புதுப்பொருள் தருபவற்றையோ பிரிக்காதீர்கள். 'தி சைல்ட் ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ட்' என்றால் கவனித்துக்கொண்டாள் என்ற பொருள் கலைந்துவிடும். 'தி சைல்ட் ஷி லுக்ட் ஆஃப்டர்' என்றே எழுதுங்கள்.