புண்ணு காயறதுக்குள்ள வாங்க

பிறப்புறுப்புல வர்றது ஹெர்பிஸான்னு (தோலோட தோல் பட்டு, உடலுறவுல தொத்தற வைரஸ் நோய்) உறுதி பண்ண எங்களுக்கு வேண்டியது ஈரமா இருக்கற புண்ணு, ஆனா கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்ன நடக்குதுன்னா, உள்ளூர் டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு பயந்து மெடிக்கல்ல ஏதோ ஆயின்மென்ட் வாங்கித் தடவிக்கிட்டு, அப்புறமா மலை எறங்கி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்னு போறதுக்குள்ள புண்ணு காஞ்சு பொருக்குத் தட்டிடுது. காஞ்ச புண்ணுல வைரஸ் சிக்கறது கஷ்டம்.

எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற அக்கா ஒருத்தங்க நீர்க்கடுப்புன்னுதான் வந்தாங்க, மாத்திரை போட்டும் கேக்கலையாம். எரிச்சல் உள்ளயா, இல்ல ஒண்ணுக்கு வெளிய பட்டாதானான்னு கேட்டேன், "பட்டாதான் டாக்டரம்மா, உயிரே போகுது"ன்னாங்க. நர்ஸ கூட வெச்சுக்கிட்டுப் பாத்தா கொத்தா சின்னச்சின்ன கொப்புளம், சிலது உடைஞ்சிருக்கு, தொடையிடுக்குல ரெண்டு பக்கமும் நெறி கட்டி தொட்டாலே வலி. வலியே இல்லாத ஒத்தப் புண்ணா இருந்தா சிபிலிஸ்தான் (உடலுறவுல தொத்தற இன்னொரு நோய்) மொதல்ல நெனப்பு வரும், ஆனா கண்ணால பாத்தத மட்டும் நம்பக் கூடாது, ரெண்டுமே ஏமாத்தும். அதனால கொப்புளத்த உடைச்சு அடியில பஞ்சுக்குச்சியால நல்லா தேச்சு எடுத்து பிசிஆருக்கு, அதாவது வைரஸோட மரபணுவையே கண்டுபிடிக்கற டெஸ்ட்டுக்கு அனுப்பறோம். கொஞ்சம் வலிக்கும், ஆனா ஹெர்பிஸ் வைரஸ் ரெண்டு வகைல டைப் 1ஆ 2வான்னும் அதுலயே தெரியும், டைப் 2ன்னா திரும்பத் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்.

ரிப்போர்ட்டுக்காக காத்திருக்க மாட்டோம், பாத்த அன்னிக்கே வைரஸ அடக்கற ஏசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம் தினம் மூணு வேளை, 7லேர்ந்து 10 நாள். கூடவே விடிஆர்எல் (சிபிலிஸுக்கான ரத்த டெஸ்ட்டு), எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்துடணும்.

ஹெர்பிஸுக்கு எடுக்கற ரத்த டெஸ்ட்டுதான் பெரிய தலைவலி. வைரஸ எதுத்து ஒடம்பு உண்டாக்கற ஐஜிஎம், ஐஜிஜிங்கற எதிர்ப்புப் பொருளத்தான் அதுல பாப்பாங்க. ஐஜிஎம்ம நம்பி முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். ஐஜிஜி ரத்தத்துல தெரியவே 12 வாரம் வரைக்கும் ஆகலாம், டைப் 1 பாசிட்டிவ்னா சின்ன வயசுல ஒதட்டுல வந்த புண்ணாவும் இருக்கலாம். அந்தத் தாள வெச்சுக்கிட்டு வீட்டுல சண்டை போடறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. வைரஸ் உள்ள போயி வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டுகூட மொதல் புண்ணு வரும், அதனால யார்கிட்டேர்ந்து எப்ப வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

வெக்கப்பட்டு தள்ளிப்போடாதீங்க, இந்த மாதிரி பால்வினை நோய்க்குன்னே இருக்கற அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்துல இலவசமா பாப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. வர்றப்ப புண்ணு மேல மஞ்சள், ஆயின்மென்ட் எதுவும் தடவாம வாங்க. மாசமா இருந்தா, முன்னாடி எப்பயாவது இப்படி வந்திருந்தாலும் பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வலி எடுக்கற நேரத்துல புண்ணு இருந்தா கொழந்தைக்குத் தொத்தாம இருக்க ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்.